வெண்கலமா? இரும்பா? – எந்த ஊரில்?

ஆக்கம்: ஒன்பதாம் வகுப்பு மாணவி



போன வகுப்புத் தேர்வில் உலோகங்களைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. அதற்கு நான், "கற்காலத்துக்குப் பிறகு வெண்கலக் காலம் வந்தது. அதற்குப் பிறகு இரும்புக் காலம் வந்தது. ஏனென்றால் இரும்பு வெண்கலத்தை விட உறுதியானது" என்று எழுதியிருந்தேன். டீச்சர் மார்க் குறைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டே இரண்டு சொல் எழுதியிருந்தாங்க. "எந்த ஊரில்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலம் என்றால் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே? போய்க் கேட்டேன். "நீயே தேடிக் கண்டுபிடி. சுவர் இதழில் போடலாம்" என்று சொல்லிட்டாங்க. அதன் விளைவே இந்தக் கட்டுரை. தேடிப் பார்த்ததில், நான் எழுதிய மூன்று வரியில் இரண்டு வரி அப்படியே சரியில்லை என்று தெரிந்தது. எப்படி என்று வாங்க பார்ப்போம்.

வெண்கலம் என்றால் என்ன?

நம்ம பள்ளிக்கூட மணி ஒரு தண்டவாளத் துண்டு. அது இரும்பில் கரி சேர்ந்த எஃகு. சுத்தியலால் அடித்தால் 'டங்' என்று சொல்லி நின்றுவிடும். கோயில் மணி வெண்கலம். அது 'ணங்ங்ங்' என்று தெருக்கோடி வரைக்கும் இழுக்கும். இந்த இரண்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

வெண்கலம் தனி உலோகம் இல்லை. அது கலப்பு உலோகம். செம்போடு வெள்ளீயம் சேர்த்து உருக்கினால் வெண்கலம் கிடைக்கும். பொதுவாக நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செம்பு, பத்துப் பங்கு வெள்ளீயம். (செம்போடு துத்தநாகம் சேர்த்தால் அது பித்தளை. பலபேர் வீட்டில் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.)

செம்பு தனியாக இருந்தால் மெத்து மெத்தென்று வளையும். வெள்ளீயம் அதை விட மெத்து. ஆனால் இரண்டு மெத்தும் சேர்ந்தால் கெட்டியாகிவிடுகிறது! இதுதான் வெண்கலத்தின் அதிசயம். இன்னொரு வசதியும் உண்டு. செம்பு உருகுவதற்கு 1085 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டும் கலந்தால் தனிச் செம்பை விடக் குறைந்த சூட்டிலேயே உருகும். உருகினதை அச்சில் ஊற்றலாம். கோடாரி அச்சில் ஊற்றினால் கோடாரி, சிலை அச்சில் ஊற்றினால் சிலை. உடைந்து போனால் மறுபடி உருக்கி மறுபடி ஊற்றலாம். ஒரு பிசிறு கூட வீணாகாது.

இரும்பு எப்படி வந்தது?

இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். அந்தக் காலத்தில் மண் உலையில் மரக்கரியைப் போட்டுத் துருத்தியால் ஊதினார்கள். அதில் அவ்வளவு சூடு வராது. அப்படி என்றால் இரும்பை எப்படி எடுத்தார்கள்?

இங்கே ஒரு வேதியியல் நடக்கிறது. இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. மரக்கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. அந்த வாயு தாதுவில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இரும்பு உருகாமலே தனியாகிவிடும். இதற்குச் சுமார் 1200 டிகிரி போதும். உலையை உடைத்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி இருக்கும். அதற்குள் கசடும் கலந்திருக்கும். அதைச் சூடு ஆறுவதற்குள் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடை வெளியேற்ற வேண்டும். அடிக்க அடிக்கத்தான் அது இரும்பு ஆகும்.

அதாவது வெண்கலத்தை ஊற்றினார்கள், இரும்பை அடித்தார்கள். நம்ம ஊர்ப்பக்கம் கொல்லுப்பட்டறையில் ஆசாரி தாத்தா இன்றைக்கும் இரும்பை அடிக்கத்தான் செய்கிறார், ஊற்றவில்லை. நான் போய் நின்று பார்த்தேன். இரும்பு கருப்பிலிருந்து சிவப்பாகி, அப்புறம் ஆரஞ்சாகி, மஞ்சளாக வரும்போதுதான் எடுத்துப் பட்டடைக்கல்லில் வைக்கிறார். "நிறம் பார்த்து எடுக்கணும் பாப்பா. எனக்கு வெப்பமானி என் கண்ணுதான்" என்றார்.

எது கெட்டி?

இங்கேதான் என் முதல் தப்பு. இரும்பு கெட்டி, அதனால் வெண்கலத்தைத் தோற்கடித்தது என்று எழுதினேன் இல்லையா? உலையிலிருந்து வந்த பழைய காலத்துச் சாதா இரும்பு, நன்றாக அடித்து இறுக்கிய வெண்கலத்தை விடக் கெட்டி இல்லையாம்! வெண்கலக் கத்தியும் அந்த இரும்புக் கத்தியும் மோதினால் இரும்புக் கத்தியும் வளையலாம்.

இரும்பில் கொஞ்சம் கரி சேர்ந்தால்தான் கதை மாறுகிறது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான கரி போதும். அது எஃகு ஆகிவிடும். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் சட்டென்று முக்கினால் இன்னும் கெட்டியாகும். இதைத்தான் நம்ம ஊரில் 'துவைச்சல் போடுறது' என்கிறார்கள். அருவாளுக்குத் துவைச்சல் சரியாக விழவில்லை என்றால் வாய் மடங்கிவிடும். கூடிப்போனால் வாய் உடைந்துவிடும். இந்தப் பக்குவத்தைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்குப் பல தலைமுறை ஆயிற்று.

சரி. துருவும் பிடிக்காது, அச்சிலும் ஊற்றலாம், கெட்டியாகவும் இருக்கும் என்றால் வெண்கலம்தானே உசத்தி? அப்புறம் ஏன் உலகம் இரும்புக்கு மாறியது? இதற்கு விடை எனக்குப் புத்தகத்தில் கிடைப்பதற்கு முன்னால் எங்க வீட்டிலேயே கிடைத்தது. ஆனால் அப்போது அது விடை என்று எனக்குத் தெரியவில்லை.

எங்க அம்மாச்சியின் கும்பா

எங்க அம்மா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவங்க. விடியற்காலை ஜீப்பில் ஏறினால் போடிமெட்டு தாண்டிப் போய்க் களை வெட்டிவிட்டு, காய் எடுத்துவிட்டு இருட்டித்தான் வருவாங்க. போன ஆனி மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் போக முடியவில்லை. கூலி இல்லை. கடையில் பாக்கி ஏறிவிட்டது.

அந்த நேரம் பழைய பாத்திரம் வாங்குகிறவர் தெருவில் வந்தார். அம்மாச்சி உள்ளே போய் இரண்டு சாமானை எடுத்து வந்துச்சு. ஒன்று வெங்கலக் கும்பா. அது அம்மாச்சிக்குக் கல்யாணத்தில் கொடுத்த சீர். நாங்கள் சின்னப் பிள்ளையில் அதில்தான் கம்மங்கூழ் குடிப்போம். இன்னொன்று தேய்ந்து போன பண்ணருவாள். பிடி கூட இரண்டு தடவை மாற்றியது.

வியாபாரி கும்பாவைச் சுண்டிப் பார்த்தார், தராசில் வைத்தார், நல்ல விலை சொன்னார். அருவாளைப் பார்த்து, "இது பழைய இரும்பு விலைக்குத்தான் போகும், பத்து இருபது வரும்" என்றார். அம்மாச்சி கும்பாவைக் கொடுத்துவிட்டு அருவாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருச்சு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கும்பாவைக் கொடுத்துட்டு அந்தத் துருப்பிடிச்ச அருவாளை எதுக்கு அம்மாச்சி வச்சுக்கிட்ட?" என்று சண்டை போட்டேன். அதற்கு அம்மாச்சி சொன்னுச்சு: "ஏ பாப்பா, கும்பா இல்லாட்டி தட்டுல திங்கலாம். அருவா இல்லாட்டி தட்டுல என்னத்தைப் போடுவ?"

பிறகு ஏன் இரும்பு ஜெயித்தது?

வெண்கலம் செய்ய இரண்டு தாது வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். வெள்ளீயம் உலகத்திலேயே சில இடங்களில்தான் இருக்கிறது. நம்ம நாட்டிலும் செம்பு என்றால் ராஜஸ்தானில் கேத்ரி, ஜார்க்கண்டில் சிங்பூம் என்று தூரம் தூரமாக இருக்கிறது. வெள்ளீயத்துக்குச் சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கம் போக வேண்டும். நம்ம தெற்குப் பக்கம் அது கிடைப்பதில்லை.

1982-ல் துருக்கி நாட்டுக் கடலோரம் உலுபுருன் என்ற இடத்தில், கடலுக்கடியில் ஒரு பழைய கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பல். அதில் ஏறக்குறைய 10 டன் செம்புக் கட்டிகளும் 1 டன் வெள்ளீயக் கட்டிகளும் இருந்தன. கவனித்தீர்களா? பத்துக்கு ஒன்று. வெண்கலத்துக்கு வேண்டிய அதே கணக்கு! ஒரு ராஜா வெண்கல ஆயுதம் செய்ய வேண்டுமென்றால் இப்படிக் கப்பல் கப்பலாகக் கடல் தாண்டி வர வேண்டும். கப்பல் நின்றுவிட்டால் வெண்கலமும் நின்றுவிடும். கி.மு. 1200-ஐ ஒட்டி மத்தியதரைக் கடல் நாடுகளில் பல அரசுகள் விழுந்து வணிகம் குலைந்தது. அதன் பிறகு அங்கே இரும்பு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

இரும்புத் தாது அப்படி இல்லை. பூமியின் மேல் ஓட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு இரும்புதான். செம்மண் ஏன் சிவப்பாக இருக்கிறது? அதில் இரும்பு இருப்பதால்தான். சேலத்தில் கஞ்சமலையில் இரும்புத் தாது மலையாகவே நிற்கிறது. எட்டிய தூரத்தில் தாது இருக்கிறது, காட்டில் கரிக்கு விறகு இருக்கிறது, அடிக்கக் கை இருக்கிறது. வித்தை தெரிந்தால் போதும்.

அதனால் வெண்கலம் அரண்மனைக்கும் கோயிலுக்கும் போனது. இரும்பு உழுகிறவன் கைக்கு வந்தது. காட்டை வெட்ட முடிந்தது. கெட்டி நிலத்தை உழ முடிந்தது. கிணறு தோண்ட முடிந்தது. இரும்பு ஜெயித்தது உசத்தி என்பதால் அல்ல, எல்லாருக்கும் கிடைத்ததால். அம்மாச்சி சொன்னது இதுதான் என்று இப்போது புரிகிறது.

எந்த ஊரில்?

இனி டீச்சரின் கேள்விக்கு வருகிறேன்.

'கல், வெண்கலம், இரும்பு' என்ற வரிசையை ஏற்படுத்தியவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த தாம்சன் என்பவர். கோபன்ஹேகன் நகரத்து அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பழம்பொருட்களை எப்படி அடுக்குவது என்று யோசித்து, மூன்றாகப் பிரித்தார். 1836-ல் அது நூலாக வந்தது. அவருடைய நாட்டுக்கு அது சரியாகப் பொருந்தியது. பிறகு உலகம் முழுவதும் அதையே படித்தார்கள். நானும் அதைத்தான் பரீட்சையில் எழுதினேன்.

சிந்துவெளிக்கும் அது ஓரளவு பொருந்தும். ஹரப்பா, மொகஞ்சதாரோ மக்களுக்கு வெண்கலம் தெரியும், இரும்பு தெரியாது. மொகஞ்சதாரோவில் கிடைத்த நடன மங்கை சிலை வெண்கலம்தான். நம்ம புத்தகத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் உண்மையில் அதன் உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். நம்ம ஸ்கேலில் முக்கால் பங்கு கூட இல்லை.

ஆனால் தமிழ்நாட்டில்? இங்கே புதிய கற்காலத்துக்குப் பிறகு தனியாக ஒரு வெண்கலக் காலம் வரவில்லை. கல்லிலிருந்து நேராக இரும்புக்குப் போய்விட்டோம். ஒரு படியைத் தாண்டிக் குதித்த மாதிரி.

எவ்வளவு காலத்துக்கு முன்பு? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்கே இரும்புப் பொருட்கள் கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதற்கே எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். அப்புறம் 2025 ஜனவரி 23 அன்று 'இரும்பின் தொன்மை' என்ற அறிக்கை வெளியானது. அதில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது. அப்படி என்றால் இன்றைக்கு 5,300 ஆண்டுகளுக்கு மேல்! அந்த அறிக்கை சொல்வது இதுதான்: விந்திய மலைக்கு வடக்கே செம்புக் காலம் நடந்தபோது, தெற்கே செம்புத் தாது அதிகம் கிடைக்காததால் இங்கே இரும்புக் காலம் தொடங்கியிருக்கலாம். இல்லாத குறைதான் நம்மை முன்னால் தள்ளியிருக்கிறது!

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரும்புக்கு நேரடியாக வயது பார்க்கவில்லை. அதோடு கிடைத்த கரித்துண்டு போன்ற பொருட்களுக்குத்தான் பார்த்தார்கள். உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்று ஒன்று இருக்கும். மரம் செத்த பிறகு அது குறைந்துகொண்டே போகும். 5,730 ஆண்டில் பாதியாகிவிடும். மிச்சம் எவ்வளவு என்று அளந்து வயது சொல்வார்கள். சிவகளை மாதிரிகளை அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வேறு வேறு ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஆனாலும், கரியும் இரும்பும் ஒரே காலத்தில்தான் அங்கே வந்தனவா என்று இன்னும் பல இடங்களில் தோண்டி உறுதி செய்ய வேண்டும் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். அதுவும் நியாயம்தான். நம்ம ஊர் பெருமை என்பதற்காக ஒன்றை நம்பக் கூடாது, சான்று இருப்பதற்காக நம்ப வேண்டும்.

இரண்டும் ஒரே தாழியில்

வெண்கலக் காலம் இல்லை என்றால் நம்மிடம் வெண்கலமே இல்லை என்று அர்த்தமா? இல்லவே இல்லை. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கே 1876-ல் ஜெர்மனிக்காரரான ஜாகர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 2004-ல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் ஏராளமாகக் கிடைத்தன. அந்த இடுகாட்டில் வெண்கலம், இரும்பு, தங்கம் மூன்றும் இருந்தன.

என்னென்ன எந்த உலோகத்தில் இருந்தன என்று பாருங்கள். கிண்ணம், ஜாடி, வடிகட்டி, எருமை, மான், பறவை உருவம் வைத்த மூடி, வளையல் – இவை வெண்கலம். வாள், ஈட்டி, அம்புமுனை, கோடாரி – இவை இரும்பு. வீட்டுக்கும் அழகுக்கும் வெண்கலம், வேலைக்கும் சண்டைக்கும் இரும்பு. நம்ம வீட்டிலும் இப்படித்தானே? குத்துவிளக்கு எங்கே இருக்கிறது, மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அந்தக் கிண்ணங்களில் சிலவற்றை ஆராய்ந்தபோது, வெள்ளீயம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருந்தது தெரிந்தது. அவ்வளவு சேர்த்தால் வெண்கலம் கண்ணாடி மாதிரி படக்கென்று உடையும். ஆனால் அதைப் பழுக்கக் காய்ச்சி, சூட்டோடு தட்டி, தண்ணீரில் முக்கினால் உடையாமல் மெல்லிய கிண்ணமாக வரும். இரும்பைத் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகும், இதை முக்கினால் உடையாத பக்குவம் வரும். ஒரே தண்ணீர், இரண்டு உலோகத்துக்கு இரண்டு குணம்! இதெல்லாம் அந்தக் காலத்து ஆசாரிகளுக்கு அத்துப்படியாக இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பை மட்டுமல்ல, மூசையில் வைத்து எஃகே செய்திருக்கிறார்கள். நொய்யல் ஆற்றங்கரையில் அந்த உலைகள் கிடைத்துள்ளன.

நான் செய்து பார்த்த சோதனை

ஒரு டம்ளரில் உப்புத் தண்ணீர் ஊற்றி இரும்பு ஆணி ஒன்றைப் போட்டேன். இன்னொன்றில் உடைந்த பூஜை மணியின் வெண்கலத் துண்டைப் போட்டேன். மறுநாளே ஆணித் தண்ணீர் கலங்கிவிட்டது. ஏழாம் நாள் ஆணி முழுவதும் சிவப்பாகத் துரு. விரலால் தேய்த்தால் பொடியாக வந்தது. வெண்கலத் துண்டு கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான்.

ஏழு நாளுக்கே இப்படி என்றால் மூவாயிரம் வருடத்துக்கு எப்படி இருக்கும்? வெண்கலத்துக்குப் பச்சைக் களிம்பு பிடிக்கும். அது ஒரு போர்வை மாதிரி உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். இரும்புத் துரு அப்படி இல்லை. உதிர்ந்து உதிர்ந்து உள்ளே வரைக்கும் தின்றுவிடும்.

ஆகவே அருங்காட்சியகத்தில் வெண்கலம் அழகாக நிற்கிறது. இரும்பு ஒரு துருக்கட்டியாகக் கிடக்கிறது. பார்க்கிறவர்கள் வெண்கலத்தின் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். ஆனால் காட்டைத் திருத்தியது அந்தத் துருக்கட்டி.

வெண்கலத்துக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. அதற்கு விலை உண்டு. அதனால் உருக்கிவிடுவார்கள். எங்க கும்பா இந்நேரம் எங்கேயோ உருகி ஒரு மணியாகவோ விளக்காகவோ ஆகியிருக்கும். அதை நான் ஒரு தடவை கூடப் படம் வரைந்து வைக்கவில்லை, அளந்து வைக்கவில்லை. அடியில் ஏதோ எழுத்துப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. என்ன எழுத்து என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரும்பைத் துரு தின்னும், வெண்கலத்தைக் கஷ்டம் தின்னும் என்று தெரிந்துகொண்டேன்.

சுருக்கமாக ஒரு ஒப்பீடு (பரீட்சைக்கும் உதவும்)

1. வெண்கலம்: கலப்பு உலோகம். இரும்பு: தனி உலோகம், கரி சேர்ந்தால் எஃகு.
2. வெண்கலம்: இரண்டு தாது, தூரத்திலிருந்து வர வேண்டும். இரும்பு: ஒரே தாது, பல இடங்களில் கிடைக்கும்.
3. வெண்கலம்: உருக்கி ஊற்றலாம். இரும்பு: அந்தக் காலத்தில் காய்ச்சி அடித்துத்தான் செய்ய முடியும்.
4. வெண்கலம்: களிம்பு பிடிக்கும், உள்ளே கெடாது. இரும்பு: துருவேறி அழியும்.
5. வெண்கலம்: நல்ல ஓசை, நல்ல பளபளப்பு. இரும்பு: எஃகானால் நல்ல கூர்மை.
6. வெண்கலம்: சிலருக்குக் கிடைத்தது. இரும்பு: பலருக்குக் கிடைத்தது.

நம்ம மாவட்டத்தில்

ஆதிச்சநல்லூரும் சிவகளையும் தூரம். நம்ம தேனி மாவட்டத்தில் என்ன இருக்கிறது? 2006-ல் ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்து வெட்டிய நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. அதில் ஒரு கல், மாடுபிடிச் சண்டையில் (ஆநிரை கவர்தல்) இறந்து போனவனுக்காக நட்டது. கல்லில் எழுத்து வெட்ட வேண்டுமென்றால் கையில் நல்ல உளி இருந்திருக்க வேண்டும் அல்லவா? உளி கிடைக்கவில்லை, எழுத்து கிடைத்திருக்கிறது. உளி துருவாகி மண்ணோடு போயிருக்கும் என்பது என் எண்ணம். அது செய்த வேலை மட்டும் நிற்கிறது.

தோழர்களே, ஒரு வேண்டுகோள். நம்ம ஊரில் கிணறு வெட்டும்போதும், தோட்டத்தை ஜேசிபி வைத்துச் சமப்படுத்தும்போதும் கருப்பும் சிவப்புமான பானை ஓடோ, பெரிய தாழியின் விளிம்போ, துருக்கட்டியோ, இரும்புக் கசடோ கண்ணில் பட்டால் உடைத்து எறியாதீர்கள். பழைய இரும்புக்கும் போடாதீர்கள். எடுக்காமல் இடத்தைக் குறித்துக்கொண்டு டீச்சரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள். கிடந்த இடம் தெரிந்தால்தான் அதற்கு வயது சொல்ல முடியும். எடுத்துவிட்டால் அது வெறும் துரு.

அதோடு, உங்க வீட்டில் உள்ள பழைய வெண்கலம், இரும்புச் சாமான்களை ஒரு நோட்டில் படம் வரைந்து, பேர் எழுதி, யாருடையது என்று எழுதி வையுங்கள். விற்க வேண்டி வந்தால் விற்கத்தான் வேண்டும். ஆனால் நோட்டில் இருக்கும். நான் இப்போது அந்தப் பண்ணருவாளை வரைந்துவிட்டேன். நுனியிலிருந்து பிடி வரைக்கும் ஒரு முழம். நடுவில் தேய்ந்து பிறை மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு புல், எவ்வளவு கதிர் அறுத்தால் இரும்பு அப்படித் தேயும்!

சிந்திக்கச் சில கேள்விகள்

1. கோயில் மணியை ஏன் இரும்பில் செய்வதில்லை? மண்வெட்டியை ஏன் வெண்கலத்தில் செய்வதில்லை?
2. உலுபுருன் கப்பலில் செம்பும் வெள்ளீயமும் எந்த விகிதத்தில் இருந்தன? அதற்குக் காரணம் என்ன?
3. உங்க வீட்டில் அப்பத்தா, அம்மாச்சி காலத்து இரும்புச் சாமான் எது? அது என்ன வேலை செய்தது?

விடைகளை எழுதி இந்த இதழுக்குக் கீழே உள்ள அட்டைப் பெட்டியில் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. இனிமேல் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால் நான் இப்படி எழுதுவேன்: "டென்மார்க்கில் கல்லுக்குப் பின் வெண்கலம், வெண்கலத்துக்குப் பின் இரும்பு. தமிழ்நாட்டில் கல்லுக்குப் பின் இரும்பு, வெண்கலம் அதன் கூடவே வந்தது." டீச்சர் பக்கத்தில் என்ன எழுதுவாங்க என்று பார்க்க வேண்டும்.